அனுப்பப்படவில்லை: 61

இரவு ஒன்பதரை.
சம்மாந்துறை கமக்காரர் சங்கக் கந்தோரில்
மின்விசிறியும் நானும்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தட்டிவிட்ட செய்தியில்
அறுபத்தொன்று சிவப்பாய்த் திரும்பியிருக்கிறது.
விடிய நாலு மணிக்கு மடை திறப்பான் வட்டவிதானை கலந்தர்.
அதற்குள் பள்ளவெளிக்குத் தெரிய வேண்டும்.

இந்த இன்டர்நெட் நம்பர் போன வருசம் வாங்கியது.
மலிவு என்றார் செயலாளர். சிம் இல்லை, வயர் இல்லை,
மழைக்கு அறுந்து விழ ஒன்றுமேயில்லை.
உண்மைதான்.
எங்கே அறுந்தது என்று ஏறிப் பார்க்க
ஒரு கம்பமும் இல்லை.

முதலில் பூச்சியங்கள்.
பேரேட்டைப் பார்த்துப் பதிந்த பையன்
தொண்ணூற்றுநாலையும் போட்டுப்
பூச்சியத்தையும் விட்டுவைத்திருக்கிறான்.
இருபத்தெட்டுப் பூச்சியம்.
களை பிடுங்குவதுபோல் எடுத்தேன், நெல்லும் கூட வந்துவிடாமல்.
பச்சை. பச்சை.
வீரமுனைப் பூபாலபிள்ளை, பச்சை.

சைபர் ஆறு ஏழில் தொடங்கும் ஒன்பது நம்பர்:
சுவரில் தொங்கும் பழைய போன்கள்.
கதைக்கும், வாசிக்கத் தெரியாது.
ஒவ்வொன்றுக்கும் நானே எடுத்துச் சொன்னேன்.
ஒரு வீட்டில் கலியாணச் சத்தம்.
"ஆரு? ஆரு?" என்று கேட்டபடியே வைத்துவிட்டார்கள்.
திரும்ப எடுத்தேன்.

இருபத்துமூன்றுக்குக் காசு போதவில்லை.
எழுபது எழுத்து ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு விலை.
புள்ளிக்கும் கணக்கு, கொம்புக்கும் கணக்கு.
தண்ணீர் நமக்கு நாலெழுத்து;
இந்த மெசினுக்கு ஏழு.
செயலாளரோ
"பெருமதிப்பிற்குரிய கமக்காரப் பெருமக்களே" என்று தொடங்கி
"மேலான ஒத்துழைப்பை" வேண்டி
ஐந்து துண்டில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்.
பெருமதிப்பை வெட்டினேன்.
மேலானதை வெட்டினேன். அவர் கோபிப்பார்.
"நாளை 4 மணி தண்ணீர். மடை பார்க்கவும்."
முப்பத்தாறு. மிச்சக் காசில் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஒன்று மட்டும் சிவப்பு.
இஸ்மாலெவ்வை, கடைக்கண்டம், ஒன்றேகால் ஏக்கர்.
நம்பர் சரி. காசு சரி.
காரணம்: பெறுநர் மறுத்துள்ளார்.
போன சிறுபோகம், ஜூன் பதினொன்று,
அவர் அனுப்பிய ஒரே பதில்: ஸ்டொப்.
வேண்டாமென்றால் அப்படி அனுப்பலாம் என்று
ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அப்போது நாங்களே போட்டிருந்தோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேரில்
கடைசிவரை வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

அதை அழிக்க எனக்கு வழியில்லை,
நம்பர் விற்றவனுக்கும் இல்லையாம்.
ஸ்டாட் என்று அவரே அனுப்ப வேண்டும்.
எடுத்தேன். மணி பத்தே முக்கால்.

"காக்கா, சங்கத்து முபீதா."
"சொல்லுங்க மகள்."
சொன்னேன்.
கொஞ்சநேரம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.
"மூணுதரம் எழுதினீங்க தண்ணி வருதெண்டு.
மூணுதரமும் மம்பட்டியோட போய் நிண்டன்.
எழுத்து வந்த. நுளம்பு வந்த.
முதல்ல தண்ணிய அனுப்புங்க,
பொறகு நான் எழுத்த அனுப்புறன்."

இதற்கு உதவிப் பக்கத்தில் விளக்கமில்லை.
கலந்தரை எழுப்பினேன்.
மேல்கண்டத்து மூன்று வக்கடையையும்
ஆறு மணிவரைக்கும் பாதி அடை என்றேன்.
"போடியார் ஏசுவார்."
"ஏசட்டும். என்ட நம்பரைக் குடு."

ஏசினார். ஏழு மணிக்கு, இரண்டு தரம்.

பதினொன்றரைக்கு உள்ளே வந்து விழுந்தது
இஸ்மாலெவ்வையின் ஒரு சொல்:
வந்திட்டு.
நமக்கு ஐந்தெழுத்து, மெசினுக்கு ஒன்பது.
அதன் அடியிலேயே மெசினின் பதில்:
கட்டளை விளங்கவில்லை.

பட்டியலில் அவர் இன்னும் சிவப்பு.
அடுத்த தண்ணிக்கும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.
நம்பர் இப்போது பாடம்.